டயாலிசிஸ் நோயாளியும் தன்பராமரிப்புக் கல்வியும்

ஹைதராபாத் நகரின் கிழக்கு வாயில் என்று உப்பலைக் கூறலாம். வாரங்கலிலிருந்து வரும் 163ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இப்பகுதியின் வழியாகவே நகருக்குள் நுழைகின்றது. தெற்கே மூசி ஆறு ஓடுகின்றது. மேற்கே, ஹப்சிகூடா செல்லும் சாலையில், தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் அமைந்துள்ளன. பழைய தொழிற்பேட்டையும், 2017 நவம்பரில் திறக்கப்பட்ட மெட்ரோ இரயில் பாதையும் இப்பகுதியின் நடமாட்டத்தைப் பெருக்கியுள்ளன. போடுப்பல், கட்கேசர், புவனகிரி முதலிய ஊர்களிலிருந்து வேலை தேடியும் கல்வி நாடியும் வருவோர் முதலில் வந்து சேரும் இடங்களுள் இதுவும் ஒன்று.

அவ்வாறு வருவோருள் ஒரு சாரார் வேறொரு காரணத்திற்காகவும் வாரந்தோறும் தவறாது நகருக்குள் வருகின்றனர். சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்து, டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பினால் உயிர் வாழ்வோர் அவர்கள். காந்தி மருத்துவமனை, உஸ்மானியா மருத்துவமனை, பஞ்சாகுட்டாவிலுள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் கழகம் ஆகிய மூன்றையும் தலைமை மையங்களாகவும், வட்டார மருத்துவமனைகளைக் கிளை மையங்களாகவும் கொண்டு தெலங்கானா அரசு இச்சிகிச்சையை இலவசமாக வழங்கி வருகின்றது. தனியார் மையங்களும் நகரெங்கும் பரவியுள்ளன. இயந்திரம் இல்லை என்ற குறை, முன்னாளைப் போல இன்று முதன்மையான குறை அன்று. ஆனால் இயந்திரத்தினின்றும் விடுபட்டு வீடு திரும்பிய பின்னர் நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்குக் கற்பிப்பவர் யார் என்னும் வினா இன்னமும் முழுமையான விடை பெறவில்லை.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. முறைப்படி வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று சிகிச்சை பெறுபவர் இயந்திரத்துடன் கழிப்பது 12 மணி நேரமே. எஞ்சிய 156 மணி நேரமும் அவர் தம் வீட்டிலும், பணியிடத்திலும், பேருந்திலும், விருந்திலும் கழிக்கின்றார். நல்ல சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை ஓய்வின்றி வடிகட்டிப் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பி அளிக்கின்றன. இயந்திரமோ விட்டுவிட்டுத்தான் பணிபுரிகின்றது. இடைவேளையில் உடலில் சேரும் நீரையும் உப்பையும் பொட்டாசியத்தையும் அளவுக்குள் வைத்திருக்கும் பொறுப்பு நோயாளியின் கைக்கு வந்து சேருகின்றது. அப்பொறுப்பை ஏற்பதற்கு அவரை ஆயத்தம் செய்வதே தன்பராமரிப்புக் கல்வி.

தோற்றமும் வளர்ச்சியும்

செயற்கைச் சிறுநீரகத்தை முதன்முதலில் வெற்றியுடன் இயக்கியவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவரான வில்லெம் கோல்ஃப். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பிடியிலிருந்த காம்பென் என்னும் சிற்றூரில், கொத்திறைச்சி அடைக்கும் செலோஃபேன் உறையை மர உருளையில் சுற்றி அவர் இயந்திரத்தை அமைத்தார். எனினும் அது சில நாட்களில் குணமடையக்கூடிய திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கே பயன்பட்டது; நிலையான செயலிழப்புக்கு உதவவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க டெஃப்லான் குழாயை உருவாக்கி இத்தடையை அகற்றினார். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் சிமினோ, பிரெஸியா ஆகியோரும் அவர்தம் குழுவினரும், மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் ஃபிஸ்டுலா முறையை வெளியிட்டனர். இன்றும் அதுவே சிறந்த வழியாகக் கருதப்படுகின்றது.

இவ்வரலாற்றில் மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொடக்க நாட்களில் இயந்திரங்கள் மிகச் சில, நோயாளிகளோ பலர். எனவே 1964ஆம் ஆண்டளவில் சியாட்டில், பாஸ்டன், இலண்டன் ஆகிய நகரங்களில், நோயாளிக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பயிற்சியளித்து வீட்டிலேயே சிகிச்சையை நடத்தச் செய்தனர். தன்பராமரிப்பு என்பது அண்மையில் எழுந்த புதுமையன்று. இச்சிகிச்சையுடன் பிறந்தது எனலாம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டயாலிசிஸ் பெற்றோருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வீட்டிலேயே அதனைச் செய்து கொண்டனர். 1973இல் அந்நாட்டு அரசு இச்சிகிச்சையின் செலவை ஏற்றுக்கொண்ட பின்னர் மையங்கள் பெருகின. வீட்டுச் சிகிச்சை தேய்ந்தது. பொதுப் பணம் பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நோயாளியைக் கற்பவர் என்னும் நிலையிலிருந்து படுக்கையில் கிடப்பவர் என்னும் நிலைக்கு அது தள்ளிவிட்டதையும் மறைப்பதற்கில்லை. இலவசச் சிகிச்சையை விரிவுபடுத்தி வரும் நம் நாட்டு அலுவலர்கள் இவ்வனுபவத்தை நினைவில் கொள்வது நன்று.

இந்தியாவில் உயிருள்ள ஒருவர் அளித்த சிறுநீரகத்தை வெற்றியுடன் மாற்றிப் பொருத்தும் பணி 1971இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. அதனையொட்டி டயாலிசிஸ் சிகிச்சையும் பரவிற்று. எனினும் நெடுங்காலம் அது பெருநகரங்களுக்கும் வசதியுள்ளோருக்கும் உரியதாகவே இருந்தது. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட டேங்கர் அறக்கட்டளை போன்ற தொண்டு நிறுவனங்கள் ஏழை நோயாளிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சையளிக்க முற்பட்டன.

ஹைதராபாதில் குறிப்பிடத்தக்க முன்னோடி ஒருவர் உண்டு. வேதிப் பொறியியல் பயின்ற கமல் ஷா, 1997இல் இளைஞராக இருக்கும்போதே சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானார். 2006இல் தம் இல்லத்திலேயே இரவில் உறங்கும் வேளையில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் முறையைத் தொடங்கினார், பகலில் பணிக்குச் சென்றார், நீச்சலையும் கைவிடவில்லை. பின்னர் ஹைதராபாதில் தோன்றிய நெஃப்ரோபிளஸ் என்னும் டயாலிசிஸ் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரானார். அங்கே சிகிச்சை பெறுவோரை நோயாளி என்று அழைக்காமல் விருந்தினர் என்று அழைக்கின்றனர். பெயர் மாற்றத்தினால் மட்டும் சிறுநீர் சுரந்துவிடாது என்று சிரிப்போர் இருக்கலாம். ஆயினும், தம்மைப் பிறர் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதைப் பொறுத்தே ஒருவர் தம்மால் எதனைச் செய்ய இயலும் என்று எண்ணுகின்றார் என்பதை ஆசிரியப் பணி புரிந்த எவரும் அறிவர்.

திட்டமும் அதன் கணக்கும்

2016-17ஆம் ஆண்டுக்கான மத்திய வரவு செலவுத் திட்டத்தில் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் 2.2 இலட்சம் பேர் புதிதாக இறுதிநிலைச் சிறுநீரக நோய்க்கு ஆளாகின்றனர் என்றும், அதனால் ஆண்டுக்கு 3.4 கோடி அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்றும் அப்போது நிதியமைச்சர் குறிப்பிட்டார். ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய்க்கு மேல் ஒரு குடும்பம் செலவிட நேரிட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் அரசு-தனியார் கூட்டு முறையில் மையங்கள் நிறுவப்பட்டன. இன்று அனைத்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 1,700 மையங்கள் இத்திட்டத்தின்கீழ் இயங்குகின்றன. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007இல் தொடங்கப்பெற்ற ஆரோக்கியஸ்ரீ திட்டம் தெலங்கானாவில் தொடர்ந்து, டயாலிசிஸ் செலவை ஏற்கின்றது. ஒரே வடிகட்டியைக் கழுவிப் பலமுறை பயன்படுத்தும் வழக்கத்தை நீக்கி, ஒருமுறை மட்டும் பயன்படும் வடிகட்டியை அரசு மையங்களில் புகுத்தியதும் அம்மாநிலத்தின் நற்செயலாகும். 2022இல் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாதம் 2,016 ரூபாய் ஓய்வூதியமும் அறிவிக்கப்பட்டது.

இவையனைத்தும் பாராட்டுக்குரியவை. நாடாளுமன்றத்தில் அளிக்கப்படும் விடைகளில் மையங்கள், இயந்திரங்கள், பயனாளிகள், அமர்வுகள் என்னும் நான்கு எண்கள் இடம்பெறுகின்றன. ஊசிக்கும், வடிகட்டிக்கும், சுத்திகரித்த நீருக்கும், தொழில்நுட்பருக்கும் விலையுண்டு. அவை அமர்வுக் கட்டணத்தில் அடங்கும். நோயாளியின் அருகில் அமர்ந்து கால் மணி நேரம் பேசுவதற்கு விலை குறிக்கப்படுவதில்லை. விலையில்லாத பணி வேலைப்பளு மிகுந்த இடத்தில் முதலில் விடுபட்டுப் போவது இயல்பே.

உப்பும் நீரும்

நோயாளி கற்க வேண்டியவற்றுள் தலையாயது தம் உலர் எடை. உடலில் மிகுதியான நீர் ஏதுமின்றி, வீக்கமும் மூச்சுத்திணறலும் இன்றி, இரத்த அழுத்தம் சீராக உள்ளபோது காணப்படும் எடையே உலர் எடை எனப்படும். இரண்டு அமர்வுகளுக்கிடையே கூடும் எடை சதைப்பற்றன்று, நீர். ஒரு கிலோ கூடினால் ஒரு லிட்டர் நீர் தேங்கியுள்ளது என்பது பொருள். இந்த ஒரு சமன்பாட்டை உணர்ந்தவர் பாதிக் கல்வி பெற்றவராவார்.

தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் பணிபுரியும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் உலர் எடை 60 கிலோ. செவ்வாயும் சனியும் சிகிச்சை பெறுகின்றார். ஞாயிறன்று வீட்டில் விருந்து. திங்களன்று பட்டறையில் கடும் வெப்பம். செவ்வாய்க்கிழமை அவர் எடை 64.5 கிலோ. நான்கரை லிட்டர் நீரை நான்கு மணி நேரத்தில் அகற்ற வேண்டுமாயின், கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 19 மில்லிலிட்டர் வீதம் அகற்ற வேண்டும். 13 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட வேகம் இதயத்துக்குத் தீங்கு தருவது என ஆய்வுகள் காட்டுகின்றன. அவர் எடைக்கு அவ்வரம்பு நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்று லிட்டரே. மூன்றாம் மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரிகின்றது, கெண்டைக்கால் இழுக்கின்றது, இயந்திரத்தின் வேகம் குறைக்கப்படுகின்றது. ஒன்றரை லிட்டர் நீருடனேயே அவர் வீடு திரும்புகின்றார். மறுநாள் வேலைக்குச் செல்ல இயலாது. டயாலிசிஸ் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, அடுத்த அமர்வுக்கு வராமல் இருந்துவிடுவதும் உண்டு. ஒத்துக்கொள்ளாதது டயாலிசிஸ் அன்று, ஞாயிற்றுக்கிழமை உப்பு என்பதை எவரும் அவருக்கு விளக்கியிருக்கமாட்டார்கள்.

தண்ணீரைக் குறையுங்கள் என்னும் அறிவுரையை எல்லா மையங்களிலும் கேட்கலாம். அது பாதி உண்மையே. உடலிலுள்ள நீர்மத்தில் உப்பின் செறிவு மாறாதிருக்க வேண்டும் என்பது உடலியல் விதி. உண்ட உப்பில் ஏறத்தாழ எட்டு கிராமுக்கு ஒரு லிட்டர் நீர் வீதம் உடல் கேட்டு வாங்கும். அக்கேள்வியின் பெயரே தாகம். உப்பைக் குறைக்காமல் நீரை மட்டும் தடுப்பது, நெருப்பை மூட்டிவிட்டுப் புகையைத் திட்டுவதற்கு ஒப்பாகும். நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி என்பது உலக சுகாதார நிறுவனம் அனைவருக்கும் வகுத்துள்ள வரம்பு. நம் நாட்டில் சராசரி மனிதர் உண்பது ஏறத்தாழ அதன் இரு மடங்கு.

தெலங்கானாவின் உணவு காரத்துக்கும் புளிப்புக்கும் பெயர் பெற்றது. ஆவக்காய் ஊறுகாயின்றி அங்கே பலருக்குச் சோறு இறங்காது. புளிச்சக்கீரைத் தொக்கும், அப்பளமும், வடகமும் நாள்தோறும் இலையில் இடம்பெறும். இவற்றைத் தடை செய்வதாக அறிவிக்கும் ஆசிரியரின் பேச்சு வாயிற்படியைத் தாண்டாது. ஊறுகாயை அறவே விடுவதற்கு மாறாக எலுமிச்சைச் சாற்றையும் மிளகையும் சேர்த்துக்கொள்ளலாம். சமைக்கும்போது உப்பிடாமல், நோயாளியின் பங்குக்கு மட்டும் அளந்த உப்பைத் தட்டில் தூவலாம். ஈரானித் தேநீர்க் கடைகளில் ஒரு கோப்பையை இருவர் பகிர்ந்து பருகும் 'ஒன் பை டூ' வழக்கம் ஹைதராபாதில் நெடுநாளையது. நண்பருடன் பாதிக் கோப்பை அருந்துவோரை எவரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. ஊரின் வழக்கமே மருந்தாக அமையுமிடத்தில் புதிய விதி எதற்கு?

பருகும் நீரின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு. முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவுடன் அரை லிட்டரைச் சேர்த்தால் வருவதே அன்றைய பங்கு. காலையில் அவ்வளவை ஒரு போத்தலில் நிரப்பி வைத்து, தேநீர், மோர், இரசம் என எது உட்கொண்டாலும் அதே அளவு நீரைப் போத்தலிலிருந்து கொட்டிவிட வேண்டும். போத்தல் காலியானால் நாளும் முடிந்தது. ஏப்ரல், மே திங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நகரில் இது எளிதன்று. வாய் கொப்பளித்தல், எலுமிச்சைத் துண்டைச் சுவைத்தல், சிறு பனிக்கட்டியை வாயிலடக்குதல் ஆகியவை ஓரளவு துணை செய்யும்.

மாறாக, அக்கோடையில் பலர் நாடும் இளநீர் இந்நோயாளிகளுக்கு நஞ்சாகலாம். அதிலுள்ள பொட்டாசியம் மிகுதி. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலென்ட் வரை இருப்பது இயல்பு, 6.5ஐக் கடந்தால் இதயத் துடிப்பு எந்த நேரத்திலும் நின்று போகக்கூடும். வலியோ முன்னறிவிப்போ பெரும்பாலும் இராது. கால்கள் வலுவிழத்தல் ஒன்றே சிலருக்கு எச்சரிக்கையாகத் தோன்றும். வாழைப்பழம், மாம்பழம், பேரீச்சை, தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றிலும் இது மிகுந்துள்ளது. காய்களைச் சிறிதாக நறுக்கி மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் ஒரு பகுதி நீங்கும். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று கடைகளில் விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பு, சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியத்தைச் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. நல்லெண்ணத்துடன் அதனை வாங்கி வரும் மகனும் மருமகளும் அறியாமலேயே ஆபத்தை விலைக்கு வாங்குகின்றனர். விளிம்பி இனத்தைச் சேர்ந்த நட்சத்திரப் பழம் இந்நோயாளிகளுக்கு மூளையைப் பாதிக்கும் நஞ்சு. ஒரே பழம் கூட விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியக்கூடும்.

கையிலுள்ள உயிர்நாடி

ஃபிஸ்டுலா அமைந்த கையை இந்நோயாளியின் உயிர்நாடி எனலாம். அறுவைக்குப் பின் அது முதிர்ச்சியடைய ஆறு வாரங்களோ அதற்கு மேலுமோ ஆகும். முதிர்ந்த பின், அவ்விடத்தில் விரலை வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் கண் விழித்ததும் அவ்வதிர்வைத் தொட்டுப் பார்ப்பது பல் துலக்குவதைப் போல வழக்கமாக வேண்டும். அதிர்வு நின்றால் குருதி உறைந்துவிட்டது என்பது பொருள். அன்றே மருத்துவமனைக்கு விரைந்தால் அதனை மீட்க வாய்ப்புண்டு. அடுத்த அமர்வு வரை பொறுத்திருந்தால் வாய்ப்பு நழுவும். அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, சோதனைக்கு இரத்தம் எடுக்கவோ இடங்கொடுத்தலாகாது. இறுக்கமான கடிகாரம், கை நிறைய அடுக்கிய கண்ணாடி வளையல்கள், அக்கையைத் தலைக்கு வைத்து உறங்குதல், இடுப்பில் குழந்தையையோ குடத்தையோ அக்கையால் நெடுநேரம் அணைத்தல் ஆகியவையும் தீங்கு. வளையலைக் கழற்றச் சொல்வது வீட்டுப் பெரியோர் மனத்தை உறுத்தக்கூடும். மறு கையில் அணியலாம் என்று முதல் நாளே சொல்லும் செவிலியர் அவ்வுறுத்தலைத் தவிர்க்கின்றார்.

நம் நாட்டில் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை அடைகின்றனர். ஃபிஸ்டுலா முதிரக் காத்திருக்க நேரமின்றிக் கழுத்துக் குழாய் வழியே சிகிச்சை தொடங்கப்படுகின்றது. அக்குழாய் கிருமிகளுக்குத் திறந்த வாயில். குளிக்கும்போது அது நனையலாகாது. நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கி உண்டு காத்திராமல் உடனே மையத்துக்கு வர வேண்டும். இதனைச் சொல்வதற்குத் தேவைப்படுவது அரை நிமிடம்.

மருந்துகளைப் பற்றிய கல்வியைச் சுருக்கமாகக் குறிக்கலாம். பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரை உணவுடன் சேர்ந்தால்தான் பயன் தரும். உணவுக்குப் பின் மற்ற மாத்திரைகளுடன் விழுங்கினால் வீண். உடல் வலிக்குத் தாமாகவே மாத்திரை வாங்குவதும், உலோகம் கலந்த பற்பங்களை உண்பதும் எஞ்சியுள்ள சிறிதளவு சிறுநீரையும் நிறுத்திவிடக்கூடும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இவர்களுக்கு இரட்டை அளவில் போடப்பட வேண்டும்.

அமர்வைத் தவறவிடாமை பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டும். வாரம் மும்முறை சிகிச்சை பெற்ற அமெரிக்க நோயாளிகள் 32,065 பேரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. வார இறுதியில் வரும் இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு, நூறு பேருக்கு ஓராண்டுக்கு 22.1 என்னும் வீதத்தில் இருந்தது. மற்ற நாட்களில் 18.0. ஒரே ஒரு நாள் கூடுதல் இடைவெளி செய்யும் வேறுபாடு இது. நம் நாட்டில் பலர் வாரம் இருமுறையே சிகிச்சை பெறுகின்றனர். இடைவெளி மூன்று, நான்கு நாட்கள். அதிலும் ஓர் அமர்வைத் தவறவிடுவோர் நிலை எத்தகையது என்பதை இவ்வெண்கள் கொண்டே ஊகிக்கலாம்.

வகுப்பறை எங்கே?

கல்விக்கு நேரமில்லை என்பது பொதுவான குறை. உண்மையில், வாரம் 12 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவர் வேறு எந்தப் பள்ளியிலும் கிடைக்கமாட்டார். டயாலிசிஸ் கூடமே வகுப்பறையாகலாம். சுவரில் ஓடும் தொலைக்காட்சியில் திரைப்படப் பாடல்களுக்கிடையே ஐந்து நிமிடம் இதற்கும் ஒதுக்கலாம். ஆனால் முதல் ஒரு மாதத்தில் நோயாளி அதிர்ச்சியிலும் சோர்விலும் ஆழ்ந்திருப்பார். நச்சுப் பொருள்கள் குவிந்த இரத்தம் சிந்தனையையும் மந்தப்படுத்தும். அந்நாட்களில் ஒரே மூச்சில் அனைத்தையும் ஓதி, கையொப்பம் பெற்றுக் கோப்பில் வைப்பது கல்வியன்று. ஒரு நாளுக்கு ஒரு செய்தி என்பதே பொருந்தும். அதுவும் முதல் ஒரு மணி நேரத்தில், இரத்த அழுத்தம் சரியும் முன்னர்.

சொன்னது விளங்கியதா என்று கேட்டால் விளங்கியது என்றுதான் எவரும் விடையளிப்பர். வீட்டுக்குச் சென்றதும் மனைவியிடம் இதனை எவ்வாறு கூறுவீர்கள் என்று கேட்டு, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்வது உலகெங்கும் பயனளித்துள்ள முறை. தம்மால் இயலும் என்னும் நம்பிக்கையே ஒருவரைச் செயலுக்குத் தூண்டுகின்றது என்று உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எடுத்துரைத்தார். அந்நம்பிக்கை சிறு வெற்றிகளால் வளர்வது. நான்கரை கிலோ கூடியவரிடம் இரண்டு கிலோவாகக் குறையுங்கள் என்பதினும், இம்முறை நான்காகக் குறைக்க முயலுங்கள் என்பது மேல். அடுத்த இருக்கையிலுள்ள, பத்தாண்டுகளாகச் சிகிச்சை பெற்று வரும் மூத்த நோயாளி சொல்லும் ஒரு சொல், மருத்துவரின் பத்துச் சொற்களினும் எடை மிக்கது.

சுவீடன் நாட்டின் யோன்ஷோப்பிங் நகரிலுள்ள ரியூஹோவ் மருத்துவமனையில் 2005இல் ஓர் இளம் நோயாளி, தம் சிகிச்சையைத் தாமே செய்துகொள்ளலாமா என்று செவிலியரிடம் கேட்டார். செவிலியர் மறுக்கவில்லை, கற்றுக் கொடுத்தார். அவரைப் பார்த்து அருகிலிருந்த மற்றொருவரும் கற்றார். காலப்போக்கில் நோயாளிகள் தாமே இயந்திரத்தை ஆயத்தம் செய்து இயக்கும் தனிப் பிரிவே அங்கு எழுந்தது. உப்பலில் நாளையே இது நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் தாமே எடை பார்த்து எழுதிக்கொள்ளுதல், தாமே கையைக் கழுவித் துடைத்து வருதல், ஊசி எடுத்த இடத்தைத் தாமே அழுத்திப் பிடித்தல், இன்று எவ்வளவு நீர் அகற்றப்படுகின்றது என்று கேட்டறிதல் என்னும் சிறுபடிகளுக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

மொழியும் கருதத்தக்கது. உப்பல் வட்டாரத்தில் தெலுங்கு பேசுவோரே மிகுதி. உருது பேசுவோரும், தொழிற்பேட்டையை நாடி வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் உண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு அச்சிட்ட கையேட்டினும் படங்களும், ஒரு தம்ளரில் இட்ட கோடும் உதவும். மேலும், வீட்டில் உப்பிடும் கை பெரும்பாலும் நோயாளியின் கையன்று. சமைப்பவரை அழைத்துப் பேசாத உணவுக் கல்வி தவறான முகவரிக்கு அனுப்பிய கடிதமே. நோயாளி பெண்ணாயிருப்பின் நிலைமை வேறு. வீட்டினருக்கு ஒரு குழம்பும் தமக்கு ஒரு குழம்பும் வைக்க அவர் விரும்புவதில்லை. தமக்கென்று தனியே கேட்பதற்கும் கூசுகின்றார். அவரது கணவரையும் மாமியாரையும் ஒருமுறை கூடத்துக்கு அழைப்பது அவசியமாகின்றது.

கல்வியின் எல்லை

தன்பராமரிப்பு என்னும் சொல்லில் ஓர் அபாயமும் மறைந்துள்ளது. எடை கூடினால், தொற்று ஏற்பட்டால், அது நோயாளியின் குற்றம் என்று கை கழுவிவிடும் போக்கிற்கு அச்சொல் இடமளிக்கலாகாது. மாத்திரை வாங்கப் பணமில்லாதவருக்கு, மாத்திரையை உணவுடன் உண்க என்னும் பாடம் பயனற்றது. வேலையை இழந்தவரும், வாரம் மும்முறை வருவதற்குப் பேருந்துக் கட்டணமும் துணையாளும் இல்லாதவரும் கல்லாமையினால் அமர்வைத் தவறவிடுவதில்லை. ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில், காரணம் இன்னமும் முழுமையாக அறியப்படாத சிறுநீரக நோய்க்கு ஊர் ஊராக மக்கள் ஆளாகியுள்ளனர். 2023 டிசம்பரில் பலாசாவில் சிறுநீரக ஆராய்ச்சி மருத்துவமனை திறக்கப்படும் வரை அவர்கள் சிகிச்சைக்காக நெடுந்தொலைவு அலைய வேண்டியிருந்தது. அத்தகையோரிடம் ஒழுங்கைப் பற்றி உபதேசிப்பதற்கு முன்னர் மையத்தை அவர்கள் அருகே கொண்டு செல்வதே முறை.

தொழில்நுட்பர்களின் நிலையும் எண்ணத்தக்கது. ஒருவரே பல இயந்திரங்களைக் கண்காணித்து, ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றுக்கு ஆயத்தம் செய்யும் இடத்தில், கற்பிக்கும் பணியை அவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அவரது பயிற்சிக் காலத்திலேயே கற்பிக்கும் முறைக்கும் சில மணி நேரம் ஒதுக்கி, பணி நேரத்திலும் அதற்கென ஓர் இடம் குறிக்க வேண்டும்.

தன்பராமரிப்பின் முழுமையான வடிவத்தைக் காண விரும்புவோர் வயிற்றறை வழிச் சுத்திகரிப்பை நோக்க வேண்டும். வயிற்றறையில் நிலையாகப் பொருத்திய குழாய் வழியே, பெரும்பாலும் இரண்டு லிட்டர் திரவப் பையை நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை நோயாளி தாமே வீட்டில் மாற்றிக்கொள்ளும் முறை இது. இயந்திரமும் வேண்டா, நெடுவழிப் பயணமும் வேண்டா. தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் 2019இல் இம்முறையும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இப்பைகள் நோயாளியின் வீட்டுக்கே கொண்டு சேர்க்கப்படுகின்றன. இங்கே கல்வி ஓர் அணிகலனாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. கை கழுவக் கல்லாதவருக்கு வயிற்றறையில் சீழ் பிடிக்கும். எனவே பயிற்சி முடிந்து தேறும் வரை எவரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. இரத்த வழிச் சுத்திகரிப்பு பெறுவோருக்கும் அத்தகைய தேர்ச்சி ஒன்றை வகுக்கலாம். தம் உலர் எடை எவ்வளவு, இன்றைய அதிர்வைத் தொட்டுப் பார்த்தாயிற்றா, எந்த அறிகுறி கண்டால் அமர்வுக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்குத் தாமே விடை கூற வல்லோர் ஒவ்வொரு மையத்திலும் எத்தனை பேர்? மாதந்தோறும் மாவட்டத்திலிருந்து செல்லும் அறிக்கையில், இயந்திரங்களின் எண்ணிக்கைக்கு அடுத்த கட்டத்தில் இவ்வெண்ணையும் எழுதி அனுப்புவதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகாது.